குன்றிமணியும் மாதத் தவணையும்



சென்ற வாரம் ஓய்வு நேரத்தில், எங்கள் பள்ளிக்குப் புதிதாகப் பணியேற்று வந்துள்ள இளம் ஆசிரியை ஒருவர் கையில் ஒரு தாளுடன் என் மேசைக்கு வந்தார். மகிழுந்து விற்பனையகம் ஒன்றில் எழுதிக் கொடுத்த விலைக் கணக்கு அது. “சார், இந்தக் காடியை எடுக்கலாமா? மாதம் அறுநூறு வெள்ளிகூட வரவில்லை” என்றார். வாங்கிப் பார்த்தேன். வண்டியின் நிறம், இயந்திரத்தின் அளவு, இலவசமாகத் தரும் கண்ணாடிக் கறுப்புத் தாள், தரைவிரிப்பு வரை எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். மாதத் தவணையை இருமுறை வட்டமிட்டிருந்தார்கள். எத்தனை ஆண்டு என்பது மட்டும் ஓர் ஓரத்தில் ‘9’ என்று ஒற்றை எழுத்தாக ஒதுங்கிக் கிடந்தது.

உடனே பதில் சொல்ல இயலவில்லை. அந்த ஒன்பதைப் பார்த்ததும் என் தந்தையார் 1989-ஆம் ஆண்டில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துத் திகைத்து அமர்ந்திருந்த இரவு நினைவுக்கு வந்துவிட்டது. அதனைச் சொல்ல வேண்டுமாயின் நம் நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பம் புது மகிழுந்து வாங்கத் தொடங்கிய வரலாற்றையே சொல்லியாக வேண்டும். ஓய்வு நேரம் அதற்குப் போதவில்லை. ஆகவே இங்கு எழுதுகிறேன்.

(ஓர் இடைக்குறிப்பு: வகுப்பறையில் ‘மகிழுந்து’ என்று எழுதச் சொல்லிவிட்டு, மணியடித்ததும் ‘காடி’ என்றே நாம் பேசுகிறோம். இரண்டும் நம் சொற்களே. இக்கட்டுரையிலும் இரண்டும் கலந்தே வரும், மொழியாசிரியர்கள் பொறுத்தருள்க.)

நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தோட்டங்களில் இருந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததன் விளைவு அது. ஆசிரியரும் தோட்டத்திலேயே குடியிருந்தார். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நான்கு வரிசை பால்மரம்தான் தூரம். அப்படிப்பட்டவருக்கு மகிழுந்து எதற்கு? தோட்டத்தில் காடி என்றால் அது துரையின் காடி. கிராணிமாருள் வசதியுள்ளவர் ஒரு பழைய மோரிஸ் மைனர் வைத்திருந்தால் அதுவே ஊர்ப் பேச்சு. மற்றவர்க்கெல்லாம் சைக்கிள், பிற்பாடு ஜப்பானிய மோட்டார் சைக்கிள்.

நிலைமை மெல்ல மாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ஆசிரியர்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்து தோட்டத்துப் பள்ளிக்கு நாள்தோறும் சென்றுவரத் தொடங்கினார்கள். செம்மண் சாலையில் மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் இருபது கல் செல்வது எப்படி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆசிரியர் குடும்பங்களில் காடி ஆசை முளைத்தது அந்தச் சேற்றிலிருந்துதான்; ஆடம்பரத்திலிருந்து அன்று.

இவ்விடத்தில் 1967-ஆம் ஆண்டை நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவ்வாண்டில் இரண்டு நடந்தன. வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக இறக்குமதி செய்வதைக் குறைத்து, உதிரிப்பாகங்களைக் கொணர்ந்து இங்கேயே பொருத்துவதை அரசு ஊக்குவித்து வந்தது. அதன் பயனாகச் சிலாங்கூரின் பத்து தீகாவில் சுவீடன் நாட்டு வோல்வோ வண்டிகளைப் பொருத்தும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. தொடர்ந்து டாட்சன், டொயோட்டா, பெஜோ, மாஸ்டா எனப் பலவும் இந்நாட்டிலேயே பொருத்தப்பட்டன. டாட்சன் 120ஒய் என்னும் வண்டியை எழுபதுகளில் பார்க்காத தெரு இல்லை எனலாம்.

இரண்டாவது நிகழ்வைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. அதுதான் 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம். 1968 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. தொழிற்சாலை நமக்குக் காடியைக் கொடுத்தது என்றால், அதனை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்து நிறுத்தியது இந்தச் சட்டமே.

‘வாடகைக் கொள்முதல்’ என்னும் பெயரை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். நாம் காடியை வாங்குவதில்லை; வாடகைக்கு எடுக்கிறோம். கடைசித் தவணையைச் செலுத்திய பிறகுதான் அது நம்முடையதாகிறது. அதுவரை உடைமையாளர் பணம் கொடுத்த நிதி நிறுவனம். பதிவு அட்டையில் நம் பெயர் இருக்கும். அதன்மேல் அவர்களின் உரிமைக் கோரிக்கையும் குறிக்கப்பட்டிருக்கும். விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முன்பணமாகக் கட்ட வேண்டும், வட்டிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, கையொப்பமிடுமுன் விலையும் வட்டியும் தவணையும் எழுத்தில் தரப்பட வேண்டும் என்றெல்லாம் சட்டம் வாங்குவோர்க்குப் பாதுகாப்பு வகுத்தது. நல்ல சட்டந்தான். ஆனால் நம்மவரில் எத்தனை பேர் அந்தத் தாளைப் படித்தார்கள்? அது மலாயிலோ ஆங்கிலத்திலோ பொடி எழுத்தில் இருந்தது. விற்பனையாளர் பெருக்கல் குறியிட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தோம்.

இனி எண்பதுகளுக்கு வருவோம்.

டாக்டர் மகாதீர் 1981-இல் பிரதமரானார். ‘கிழக்கை நோக்கு’ என்னும் கொள்கையை அறிவித்தவர், நம் நாடே ஒரு மகிழுந்தைத் தயாரிக்க வேண்டும் என்னும் எண்ணத்தையும் முன்னெடுத்தார். 1983 மே 7-ஆம் நாள் புரோட்டோன் நிறுவனம் பதிவு பெற்றது. அதில் அரசுக்குச் சொந்தமான ஹைகோம் நிறுவனத்துக்கு 70 விழுக்காடு. ஜப்பானின் மிட்சுபிசி குழுமத்து நிறுவனங்கள் இரண்டுக்கும் ஆளுக்கு 15 விழுக்காடு. ஷா ஆலாமில் தொழிற்சாலை எழுந்தது. 1985 ஜூலை 9-ஆம் நாள் முதல் சாகா வெளிவந்தது. 1985 ஆகஸ்டு 3-ஆம் நாள் பினாங்குப் பாலத் திறப்பு விழாவில், கொடி பறக்கும் சிவப்புச் சாகாவைப் பிரதமரே ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் அதன் சிவப்பு தெரியவில்லை. ஆயினும், சிவப்பு என்று செய்தி வாசிப்பவர் சொன்னதை நாங்கள் நம்பினோம்.

பெயரைப் பற்றி ஒரு செய்தி. நாடு தழுவிய பெயர்ப் போட்டியில் ஓய்வுபெற்ற இராணுவ வீரர் ஒருவர் அனுப்பிய பெயர்தான் ‘சாகா’. அது ஒரு சிவந்த விதை. மலாய்க்காரர்கள் இருவகை விதைகளை அப்பெயரால் அழைக்கிறார்கள். ஒன்று நம் குன்றிமணி. மற்றொன்று பள்ளித் திடல்களில் உதிர்ந்து கிடக்குமே, முழுச் சிவப்பாய், பிள்ளைகள் பொறுக்கிச் சட்டைப் பையில் நிரப்பிக்கொள்ளும் ஆனைக்குன்றிமணி. நம் பொற்கொல்லர்கள் பொன்னை நிறுக்கக் குன்றிமணியைப் பயன்படுத்தியதைப் போலவே மலாய் நாட்டிலும் சாகா விதையால் பொன் நிறுத்தார்கள். ‘ஒரு குன்றிமணித் தங்கம்கூட இல்லை’ என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, அதே குன்றிமணிதான் காடியாகி வந்தது.

எங்கள் வீட்டில் அது உண்மையிலேயே பொன்னோடு தொடர்புடையதாயிற்று. அதனைப் பிறகு சொல்கிறேன்.

சாகா முழுக்க நம் நாட்டுப் படைப்பா என்றால், இல்லை. அதன் உடலும் உயிரும் மிட்சுபிசி லான்சர் பியோரே என்னும் வண்டியினுடையவை, 1.3 லிட்டர் இயந்திரமும் அவர்களுடையதே. ‘முகத்தை மாற்றிய சப்பான்காரன்’ என்று ஈப்போவில் ஒரு பட்டறைக்காரர் என் தந்தையாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. வாங்குவதற்கு ஊக்கமாகவே சொன்னார். சப்பான் இயந்திரம், ஆனால் விலை குறைவு. விலை குறைந்ததற்குக் காரணம் திறமை அன்று, வரி. மற்ற நிறுவனங்கள் உதிரிப்பாகத் தொகுப்புகளுக்குக் கட்டிய இறக்குமதி வரியிலிருந்து புரோட்டோனுக்கு அரசு விலக்களித்தது. ஆகவே டாட்சனும் டொயோட்டாவும் எட்டாத உயரத்திலேயே நிற்க, சாகா மட்டும் ஓர் ஆசிரியரின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. நாம் சாகாவைத் தேர்ந்தெடுத்தோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நமக்காக ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள் என்பதே உண்மை. இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தத் தேர்வு இல்லாமற் போயிருந்தால் எங்கள் குடும்பம் மேலும் பத்தாண்டு மழையில் நனைந்திருக்கும்.

சாகா பிறந்த நேரமோ நல்ல நேரம் அன்று. 1985-இல் நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. ஈயச் சந்தை அவ்வாண்டு அக்டோபரில் நொறுங்கியது. ரப்பர், செம்பனை விலைகளும் விழுந்தன. போதாக்குறைக்கு 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து பெரிய நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டால் ஜப்பானிய யென் மதிப்பு ஏறத் தொடங்கியது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 240 யென் என்றிருந்தது, மூன்று ஆண்டுகளுக்குள் அதன் பாதிக்கு வந்துவிட்டது. உதிரிப்பாகங்களுக்கு யென்னில் பணம் கட்டிய புரோட்டோன் இழப்பில் ஓடியது. 1988-இல் நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பையே மிட்சுபிசியிலிருந்து வந்த கென்ஜி இவபுச்சியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. மறு ஆண்டில் சாகா பிரிட்டன் சந்தைக்குச் சென்றது. இவையெல்லாம் நாளேட்டில் வந்த செய்திகள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

1986-ஆம் ஆண்டு செப்டம்பரில் அப்பா சாகா வாங்கினார். அதற்கு முன்பு மூன்று மாதங்கள் ஆலோசனை நடந்தது. பழைய டாட்சன் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. தோட்டத்துப் பெரிய கிராணி டாட்சனே போதும் என்றார். பட்டறைக்காரர் புது வண்டி என்றார். அம்மா எதுவும் சொல்லாமல் தம் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஐந்து பவுன். அதை அடகு வைத்தும் சேமிப்பைச் சேர்த்தும் முன்பணம் தயாரானது. சட்டம் கேட்டது பத்தில் ஒரு பங்கு. அப்பா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கட்டினார். அரசு ஊழியர்களுக்கான வாகனக் கடனுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கலாம் என்று தலைமையாசிரியர் சொன்னதை அவர் கேட்கவில்லை. மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. ஒரு நிதி நிறுவனத்தில் 14,000 ரிங்கிட் கடன், ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி, 5 ஆண்டு. மாதம் 326 ரிங்கிட் 67 சென்.

பள்ளி வாசலில் அந்தக் காடி முதல்முறை நின்ற காலையை மறக்க முடியாது. மாணவர்கள் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். அவ்வண்டியில்தான் பிறகு இரண்டு கர்ப்பிணிப் பெண்கள் மருத்துவமனைக்குச் சென்றார்கள். ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு மாணவர்கள் போனார்கள். பாம்பு தீண்டிய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் போய்ப் பிழைத்தார். தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் வாங்கிய காடி அவருடையது மட்டும் அன்று. பெட்ரோல் செலவு மட்டும் அவருடையது.

1989-இல் அக்காவின் மேற்படிப்புச் செலவு வந்தது. மாதந்தோறும் போகும் தவணையை நிறுத்திவிட்டால் அப்பணம் அக்காவுக்கு ஆகும் என்பது அப்பாவின் கணக்கு. 36 தவணைகள் கட்டி முடிந்திருந்தன, 24 எஞ்சியிருந்தன. கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்த பணத்தை வைத்து ஒரே தடவையில் அடைத்துவிட எண்ணினார். மொத்த வட்டி 5,600 ரிங்கிட், ஆண்டுக்கு 1,120. இரண்டு ஆண்டு முன்னதாகவே கட்டுவதால் 2,240 ரிங்கிட் வட்டி கழியும் என்று தாளில் எழுதிக்கொண்டு போனார். நிதி நிறுவனம் கழித்தது 918 ரிங்கிட்.

அன்றிரவுதான் அவர் கணக்கோடு அமர்ந்தார். கணிதம் கற்பித்தவர். தாம் எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்காமல் தூங்கமாட்டார்.

அவர் கண்டது இதுதான். வாடகைக் கொள்முதலில் வட்டியைக் குறையும் கடனுக்குப் போடுவதில்லை. முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி ஆண்டுவரை போடுகிறார்கள். பாதிக் கடனை அடைத்த பிறகும் 14,000-க்கே வட்டி. ஆகவே 8 விழுக்காடு என்று சொல்லப்பட்டது, கடன் குறையக் குறைய வட்டி போடும் முறையில் பார்த்தால், 14 விழுக்காட்டுக்கும் சற்று மேல். இது முதல் முடிச்சு.

இரண்டாவது முடிச்சின் பெயர் ‘78-ஆம் விதி’. ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78 வருமல்லவா? ஓராண்டுக் கடனின் வட்டியை 78 பங்காக்கி, முதல் மாதத்தில் 12 பங்கு, அடுத்த மாதம் 11 பங்கு, கடைசி மாதம் ஒரு பங்கு என வசூலித்ததாகக் கணக்கு வைப்பது இம்முறை. 60 மாதக் கடனுக்கு ஒன்று முதல் அறுபது வரை கூட்ட வேண்டும்: 1,830. முதல் மாதத்தில் 1,830-இல் 60 பங்கு வட்டி. கடைசி மாதத்தில் ஒரே பங்கு. அப்பா முதலில் கட்டிய 326 ரிங்கிட்டில் 183 ரிங்கிட்டுக்கு மேல் வட்டி. இறுதித் தவணையிலோ மூன்று ரிங்கிட்டே வட்டியாக இருந்திருக்கும். எஞ்சிய 24 மாதங்களுக்கு ஒன்று முதல் இருபத்து நான்கு வரை கூட்டினால் 300. 1,830-இல் 300 பங்குதான் அவருக்குத் திரும்பும். 5,600-ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள்: 918.

“கணக்கு சரிதான்” என்றார் அப்பா. அவ்வளவுதான். அவரை யாரும் ஏமாற்றவில்லை. சட்டம் அனுமதித்த முறையே அது. ஏமாற்றப்பட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஐந்தாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கூட்டல் அது; கையெழுத்திடும் முன்பு போடாமல் விட்டோமே என்பதுதான் அவரைச் சுட்டது. மறுநாள் பணத்தைக் கட்டி முடித்தார். அம்மாவின் சங்கிலியை மீட்க அதில் ஒதுக்கி வைத்திருந்த தொகை போதவில்லை. அடகு ஏலத்தில் போய்விட்டது.

ஒப்பந்தம் அறியாத வேறொருவரின் கதையும் அந்த ஆண்டுகளில் நடந்தது. தோட்டத்துப் பெற்றோர்கள் கடன் வாங்கும்போது ஜாமீனுக்கு வாத்தியாரைத்தான் தேடுவார்கள். அரசாங்கச் சம்பளக்காரர் அவர் ஒருவரே. லோரி ஓட்டிப் பிழைத்த ஒரு மாணவனின் தந்தைக்கு அப்பா கையெழுத்திட்டார். சில மாதத் தவணை தவறியது. ஒருநாள் விடியுமுன் லோரியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீதிக் கடனுக்கான கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதனை அடைக்க ஓராண்டுக்கு மேலாயிற்று.

பெற்றோர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். இன்றுள்ள வடிவில் அச்சட்டம், தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறிய பின்னரே வண்டியை மீட்க வழி விடுகிறது. அதற்கும் நான்காம் அட்டவணை எனப்படும் அறிவிப்பை அனுப்பி 21 நாள் அவகாசம் தர வேண்டும். மொத்தத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணை இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது. சாலையோரத்தில் மறித்துச் சாவியைக் கேட்பவரிடம் இவற்றைக் கேட்கும் தைரியம் நமக்கு வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாகத் தமிழிலும் எடுத்துச் சொல்லி வந்திருக்கிறது. நாம்தான் படிக்கவில்லை.

தொண்ணூறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1993-இல் பெரோடுவா என்னும் இரண்டாவது தேசிய நிறுவனம் தோன்றியது. 1994 ஆகஸ்டில் கஞ்சில் வந்தது. கஞ்சில் என்றால் சருகுமான். ஜப்பானின் டைஹட்சு மீராவை ஒட்டிய, 660 சிசி இயந்திரமுள்ள சின்னஞ்சிறு வண்டி. சாகா ஆசிரியர்களின் காடி என்றால், கஞ்சில் ஆசிரியைகளின் காடி என்பேன். அதற்கு முன்பு கணவரோ தந்தையோ கொண்டுவந்து விட்டால்தான் பள்ளிக்கு வர முடிந்த பெண்கள், பதவி உயர்வு வேறு ஊரில் கிடைத்தால் வேண்டாமென்று எழுதிக் கொடுத்த பெண்கள், தாமே ஓட்டி வரத் தொடங்கினார்கள். நம் பள்ளிகளில் பெரும்பாலோர் பெண்களே என்பதை எண்ணிப் பார்த்தால் இது சிறிய மாற்றமன்று. இதனைப் பற்றி யாராவது முறையாக ஆய்வு செய்து எழுதலாம்.

நானும் 1997-இல் ஒரு கஞ்சில் வாங்கினேன். அப்பா வந்து ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார். விற்பனையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசியான் தடையற்ற வாணிப உடன்பாட்டின்படி மகிழுந்துகளுக்கான இறக்குமதி வரியைக் குறைப்பதை நம் நாடு 2005 வரை தள்ளிப்போட்டது. குறைத்தபோது கலால் வரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2006 மார்ச்சில் தேசிய வாகனக் கொள்கை வந்தது. அதன் பிறகும் கலால் வரி, இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்து, நூறு விழுக்காட்டுக்கு மேலும் போனது. பக்கத்து நாட்டில் மலிவாக விற்கும் அதே வண்டி இங்கு ஏன் இந்த விலை என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். 2017-இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்குகளைச் சீனாவின் கீலி நிறுவனம் வாங்கியது. சப்பான் போய்ச் சீனம் வந்தது. 2024 டிசம்பரில் புரோட்டோனே மின்சார மகிழுந்தை வெளியிட்டது. குன்றிமணியின் பெயர் மட்டும் 40 ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்திருக்கிறது.

வண்டிகள் இவ்வளவு மாறியும், இளம் ஆசிரியை கொண்டுவந்த தாளில் இருந்த கணக்கு என் தந்தையார் கையெழுத்திட்ட அதே கணக்குத்தான். மாறியது ஒன்றே: ஐந்து ஆண்டு ஒன்பதாகியிருக்கிறது. முன்பணத்தைக்கூட ‘கழிவு’ என்ற பெயரில் விற்பனையகமே ஈடுகட்டிவிடுகிறது. அப்பாவை நிதானிக்க வைத்தது அம்மாவின் சங்கிலி. கழற்றிக் கொடுக்க ஒன்று வேண்டும் என்ற நிலை இருந்தபோது மூன்று மாதம் யோசித்தார்கள். இன்று அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

மறுநாள் நாங்கள் இருவரும் ஆசிரியர் அறையில் கணக்குப் போட்டோம். கடன் 50,000 ரிங்கிட். வட்டி 3 விழுக்காடு. ஒன்பது ஆண்டுக்கு வட்டி 13,500. மாதம் ஏறத்தாழ 588. ஐந்தே ஆண்டில் கட்டினால் வட்டி 7,500; மாதம் ஏறத்தாழ 958. ஆறாயிரம் ரிங்கிட் வேறுபாடு. “இது தெரியும் சார், மாதம் 958 என்னால் முடியாது. ஐந்து ஆண்டு கழித்து ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்றிருக்கிறேன்” என்றார். எங்கள் வீட்டில் கேட்ட அதே சொற்கள். ஒன்று முதல் நூற்றெட்டு வரை கூட்டச் சொன்னேன்: 5,886. எஞ்சும் 48 மாதத்துக்குக் கூட்டச் சொன்னேன்: 1,176. ஐந்தில் ஒரு பங்கு. அதாவது ஐந்தாண்டு முடிவில் வட்டியில் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். கழிவு 2,700 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. அன்றைக்குக் கட்ட வேண்டியது 25,500 ரிங்கிட்டுக்கு மேல். “ஐந்தாண்டு கட்டிய பிறகும் வாங்கியதில் பாதி அப்படியே நிற்குமா?” என்று கேட்டுவிட்டு, நம்பாமல் மீண்டும் ஒருமுறை கூட்டினார்.

இந்த விதியையும் நிலையான வட்டி முறையையும் கைவிடச் சட்டத்தைத் திருத்தப் போவதாக அரசு 2025-இல் அறிவித்தது. என் அப்பா கண்டுபிடித்து 36 ஆண்டுக்குப் பிறகு! ஆகவே இப்போது கையெழுத்திடப் போகிறவர்கள் நிறத்தையும் தரைவிரிப்பையும் பற்றிக் கேட்குமுன், எம்முறையில் வட்டி கணக்கிடப்படுகிறது, இடையில் அடைத்தால் எவ்வளவு கழியும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில், ஐந்தாம் ஆண்டு முடிவில் எவ்வளவு பாக்கி நிற்கும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் அடுத்த விற்பனையகத்துக்கு நடையைக் கட்டலாம். முன்பதிவுக் கட்டணம் விலையில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதும் சட்டத்தில் உள்ளதே.

காடியே வேண்டாம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை; சொல்லவும் மாட்டேன். அவர் வீட்டிலிருந்து பள்ளி 34 கிலோமீட்டர். பேருந்து கிடையாது. சிறிய வண்டியாகப் பார்த்து, முன்பணத்துக்கு ஓராண்டு சேர்த்து, ஏழு ஆண்டுக்குள் முடிக்க இயலுமா என்று பார்க்கச் சொன்னேன். அதுவரை பக்கத்துத் தாமானிலிருந்து வரும் மற்றோர் ஆசிரியையுடன் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு வரலாம் என்பது அவருடைய யோசனை. இன்னும் முடிவு செய்யவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் வேறொரு விற்பனையகத்துக்குப் போகிறாராம். வண்டியைப் பார்க்க அவருடைய தம்பி வருகிறான். தாளைப் பார்க்க நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.